பத்து 'பி'யின் பாதி முகங்கள்

1 ஆகஸ்ட் 2022, திங்கள்

எங்கள் பள்ளியில் இன்று முதல் மாஸ்க் அவரவர் விருப்பம். பத்து 'பி'யில் பாதிப் பேர் கழற்றிவிட்டார்கள். முன் பெஞ்ச் ரோச்சுக்கு மீசை அரும்பியிருக்கிறது! இத்தனை நாள் வெறும் கண்களுக்குக் கணக்கு நடத்திய எனக்கு இன்று திருவிழாதான். புரியாதவன் உதட்டைக் கடிப்பான், புரிந்தவன் முகம் மலரும். அதைப் பார்த்துத்தானே நான் அடுத்த வரிக்குப் போவேன்.

4 ஆகஸ்ட், வியாழன்

முகம் தெரிகிறவர்களுக்கு மட்டும் பாடம் நடத்துகிறேனோ? கண் தானாக அந்தப் பக்கமே போகிறது. மாஸ்க் போட்ட பிள்ளைகள் மெல்ல மெல்லப் பின் பெஞ்சுக்கு நகர்ந்துவிட்டார்கள். புரிகிறதா என்றால் தலையாட்டுகிறார்கள். அந்தத் தலையாட்டலை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

10 ஆகஸ்ட், புதன்

ஜெமியை வகுப்பை விட்டு வெளியே அனுப்பினேன். வடிவொத்த முக்கோணங்கள் நடத்திக்கொண்டிருக்கிறேன். அவள் பின் பெஞ்சில் மாஸ்க்கோடு உட்கார்ந்து, உள்ளங்கையைக் கவிழ்த்து, கீழே அமுக்கி அமுக்கிக் காட்டுகிறாள். அடங்கு என்று! என்னை! வாயைத் திறந்து ஒரு வார்த்தை கிடையாது. ஸ்ரீவைகுண்டத்தில் எங்கள் அப்பாவிடம் யாராவது இப்படிக் கை காட்டியிருந்தால் கதையே வேறு. எனக்கும் அதே கோபம்தானே வரும்.

11 ஆகஸ்ட், வியாழன்

கடற்கரைத் தருவைகுளத்திலிருந்து ஜெமியின் அப்பா வந்தார். கூட்டத்துக்குள் வராமல் கேட்டுக்கு வெளியிலேயே நின்றார். அவருக்குச் சிறுநீரகம் மாற்றி வைத்திருக்கிறதாம். சாதாரணச் சளி பிடித்தாலும் ஆபத்து. அதனால்தான் மகள் மாஸ்க்கைக் கழற்றுவதில்லை. எனக்குத் தெரியாது. கேட்டேனா? அதுவும் இல்லை.

"டி.சி.யக் குடுத்துருங்க டீச்சர். அவ மாஸ்க்கோட பேசுனா எல்லாரும் சிரிக்குதாங்களாம். வாயே திறக்காம வாரா, போறா. அதுக்கு வீட்ல இருந்தே படிச்சி எழுதட்டும்."

தலைமையாசிரியை மெட்டில்டா சிஸ்டர் அவரைச் சமாதானப்படுத்தி அனுப்பினார். என்னிடம், "காலாண்டு வரைக்கும் டைம் கேட்டிருக்கேன். அந்தப் புள்ள இருக்கதும் போறதும் உங்க கையில, பொன்செல்வி" என்றார்.



12 ஆகஸ்ட், வெள்ளி

ரோச் ஸ்டாஃப் ரூமுக்கே வந்துவிட்டான். "டீச்சர், ஜெமி உங்கள அடங்கச் சொல்லல. கடலுக்குப் போற போட்டுல எஞ்சின் சத்தத்துல பேச்சு கேக்காதுல்லா? கையத்தான் காட்டுவாங்க. அது மெதுவா போன்னு அர்த்தம். நெசமாவே நீங்க ரொம்ப வேகமாத்தான் போறீய டீச்சர்."

வயல்காட்டில் பிறந்தவளுக்குக் கடல் பாஷை எங்கே தெரியும்! வகுப்புக்குப் போனதும் எல்லோர் முன்னாலும் ஜெமியிடம் மன்னிப்புக் கேட்டேன். "வேற என்னல்லாம் இருக்கு? காட்டு" என்றேன். விரலைச் சுழற்றினால் திரும்ப ஒரு தடவை. முஷ்டியை உயர்த்தினால் ஆச்சு, போகலாம். காட்டும்போது அவள் கண் சிரித்தது.

அப்படியே சட்டம் போட்டேன். மாஸ்க் போட்டவர், போடாதவர், எல்லாருக்கும் இனி கைச் சைகைதான்.

17 ஆகஸ்ட், புதன்

மாஸ்க் இல்லாத பிள்ளைகளில் பத்துப் பேருக்கு மேல் 'மெதுவா' காட்டுகிறார்கள்! முகம் மலர்ந்ததை நம்பி இவர்களையும் தாண்டியல்லவா ஓடியிருக்கிறேன். முகத்தைப் பார்த்தே கண்டுபிடிப்பேன் என்று என்ன ஒரு பீற்றல்! நல்லவேளை, யாரும் கேட்கவில்லை.

2 செப்டம்பர், வெள்ளி

பின் பெஞ்ச் கூட்டம் கலைந்துவிட்டது. மெட்டில்டா சிஸ்டர் ஜன்னலில் எட்டிப்பார்த்து, "என்ன, ஒரே கையாட்டமா இருக்கு?" என்றார்.

"கணக்கு நடக்குது சிஸ்டர்."

இன்று ஜெமி எழுந்து வாய்விட்டே சந்தேகம் கேட்டாள். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தெரியும் சேதி.

20 செப்டம்பர், செவ்வாய்

காலாண்டுத் தேர்வு நெருங்குகிறது. அவளைவிட நான்தான் நாளை எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

12 அக்டோபர், புதன்

ஜெமி கணக்கில் எண்பத்தொன்று! எண்பத்தொன்று! அவள் அப்பாவுக்கு நானே போன் போட்டேன்.

"டீச்சர்... டி.சி. வேண்டாம். அவ அங்கனயே இருக்கட்டும்."

ஸ்டாஃப் ரூமில் எல்லாருக்கும் முந்திரி மக்ரூன் வாங்கிக் கொடுத்தேன். பிறந்தநாளா என்று கேட்டார்கள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

13 அக்டோபர், வியாழன்

பித்தாகரஸ் தேற்றத்தை ஜெமியையே நடத்தச் சொல்லிவிட்டு அவள் இடத்தில் போய் உட்கார்ந்தேன். மாஸ்க்குக்குள்ளிருந்து கணீரென்று குரல். படம் போடுகிறாள், செங்குத்துக் கோடு இழுக்கிறாள், மூச்சு விடாமல் ஓடுகிறாள். நான் உள்ளங்கையைக் கவிழ்த்துக் கீழே அமுக்கினேன்.

அவள் சட்டென்று நின்றாள். "ஏலே, டீச்சருக்குப் புரியலையாம்லா!"

வகுப்பே அதிர்ந்தது. நான்தான் அதிகம் சிரித்தேன். ஜெமி போர்டை அழித்துவிட்டு முதல் வரியிலிருந்து எனக்காக மெதுவாகத் தொடங்கினாள்.