கார் நிறுத்தும் தளத்தின் விரிசலை அடைக்கவும், மேட்டைச் செதுக்காதிருக்கவும் வேண்டி

அனுப்புநர்
தையல்காரர் மனைவி,
பச்சைக் கேட்டு போட்ட மூலை வீடு.

பெறுநர்
பொறியாளர் அவர்கள்,
சாலைப் பராமரிப்பு அலுவலகம்.

பொருள்: எங்கள் வீட்டுக் கார் நிறுத்தும் தளத்தை மட்டமாக்கும் வேலையை நிறுத்தி, விரிசல்களைப் பழையபடி அடைத்துத் தரக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. குடிநீர்க் குழாய் பதிக்கத் தங்கள் அலுவலகத்தார் கேட்டோரமாகத் தோண்டியதில், வீட்டுப் படியிலிருந்து கேட்டு வரை உள்ள எங்கள் கான்கிரீட் தளத்தின் பழைய விரிசல்கள் மறுபடி வாய் பிளந்தன. தாங்களே நேரில் வந்து பார்த்து, முழுத் தளத்தையும் மட்டமாக்கிப் புதுப் பூச்சுப் போட்டுத் தருவதாகச் சொன்னீர்கள். கேட்காமலே கொடுக்கும் அதிகாரியை இந்த வயதில்தான் பார்க்கிறேன். மட்டம் என்ற சொல் எனக்கு அப்போது உறைக்கவில்லை. இப்போது அந்த வேலையை நிறுத்தும்படி கேட்கிறேன். காரணத்தைச் சொல்லாவிட்டால் கிறுக்கி என்று நினைப்பீர்கள், ஆகையால் சற்று விரிவாக எழுதுகிறேன்.

2. நாங்கள் பழைய கார் ஒன்று வாங்கிய ஆண்டில் போட்ட தளம் இது. "நடுநடுவே கோடு வெட்டி விடணுங்க, இல்லன்னா வெடிச்சிரும்" என்று கொத்தனார் தலைபாடாக அடித்துக்கொண்டார். முழுத் துணி கையில் இருக்கும்போது குறுக்கே தையல் போடுவது என் கணவருக்கு ஆகவே ஆகாது. "ஒரே துணியா விடுங்க" என்று சொல்லிவிட்டார். அன்றெல்லாம் வீடு முழுக்க சிமெண்டு வாசனை. டீ போட்டுப் போட்டு எனக்குக் கை ஓய்ந்தது. சாயங்காலம் அவர் படியில் உட்கார்ந்து, ஈரத் தளத்தில் காக்கை இறங்காமல் விரட்டிக்கொண்டே அதைப் பார்த்துப் பூரித்த முகம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

3. அடுத்த கோடைக்குள் தளம் படியிலிருந்து கேட்டு வரை கோணல்மாணலாக வெடித்தது. "நீங்க போடாத தையலை அதுவே போட்டுக்கிச்சு" என்று கொத்தனார் சொல்லிவிட்டு டீயைக் குடித்துவிட்டுப் போனார். என் கணவர் ரோஷக்காரர். விரிசலை உளியால் அகலப்படுத்தி, கம்பித் தூரிகையால் தேய்த்து, தண்ணீர் தெளித்து, கலவையைத் தம் கையாலேயே அடைத்தார். துணியை மடித்துத் தைத்துப் பழகிய கைக்கு மட்டமாக இழுத்துவிடத் தெரியவில்லை. அடைத்த இடமெல்லாம் விரல் தடிமனுக்குப் புடைத்து நின்றது. அதில் இடறாதவர் எங்கள் வீட்டில் இல்லை. மகள் சைக்கிள் பழகிய காலத்தில் முழங்காலில் காயமில்லாத வாரம் கிடையாது. "எங்கப்பா தரைக்கும் ஓரம் அடிச்சு வச்சிருக்காரு" என்று தோழிகளிடம் சொல்லிச் சிரிப்பாள். நான் வருடாவருடம் திட்டினேன். அவர் வருடாவருடம் மழைக்கு முன் அதைப் புதுப்பித்தார். அந்தச் சண்டைக்காகவே மழைக்காலம் வரக்கூடாதா என்று இப்போது இருக்கிறது.

4. இன்று கார் இல்லை. மகள் வெளியூரில். கண் அழுத்த நோயால் என் கணவருக்குப் பார்வை அறவே போய்விட்டது, கடையையும் மூடியாயிற்று. ஆனாலும் தினமும் காலையில் செருப்பில்லாமல் படியிறங்கி, அந்த மேட்டைப் பாதத்தால் தடவிக்கொண்டே கேட்டு வரை போவார். அங்கே நின்று போகிறவர் வருகிறவரிடம் ஊர்க்கதை பேசிவிட்டு, அதே வழியே திரும்புவார். ஒருவர் கையையும் பிடிப்பதில்லை. நான் திட்டித் தீர்த்த மேடுதான் ஐயா, அவரைத் தனியாக நடக்க வைக்கிறது.

5. தங்கள் ஆட்கள் கேட்டுப் பக்கமிருந்து பாதி தூரம் செதுக்கி, பூச்சும் பூசிவிட்டு, மிஷின் பழுதென்று போயிருக்கிறார்கள். வேலையில் குறை சொல்வதற்கில்லை, பளிங்கு மாதிரி இருக்கிறது. பூச்சுக் காய்ந்ததும் அவர் வழக்கம்போல் இறங்கினார். மேடு முடிந்த இடத்தில் நின்றுவிட்டார். ஒரு காலை நீட்டி அங்குமிங்கும் துழாவினார். கூப்பிடவில்லை. நான் பார்த்து ஓடும்வரை வெயிலிலேயே நின்றார். "தையல் விட்டுப்போச்சு. நீ வா" என்று கையை நீட்டினார். பார்வை போன நாளிலிருந்து அவர் என்னிடம் கை நீட்டியது அதுவே முதல் தடவை. எனக்குத் தாங்கவில்லை.

6. ஆகவே, மீதிப் பாதியைச் செதுக்காமல் விரிசலை மட்டும் அடைத்துத் தர வேண்டும். பூசிய பாதியிலும் படியிலிருந்து வரும் மேடு அறுபடாமல் கேட்டு வரை விரல் தடிமனுக்கு எழும்பி நிற்க வேண்டும். கலவை இறுகுமுன் என் கணவர் ஒருமுறை தடவிப் பார்ப்பார். சரியில்லை என்றால் பிரிக்கச் சொல்வார், கடையிலும் அப்படித்தான். தங்கள் ஆட்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. டீ நான் தருகிறேன்.

7. மறைந்துபோன மேடு எந்த வழியாக ஓடியது என்பதை அவரே தரையில் உட்கார்ந்து, தையல் சுண்ணக்கட்டியால் கோடு போட்டு வைத்திருக்கிறார். செருப்பைக் கழற்றிவிட்டு நானும் அதன்மேல் நடந்து பார்த்தேன். மகள் விழுந்து விழுந்து எழுந்த வளைவு அதே இடத்தில் இருக்கிறது. மேகம் கூடுகிறது, ஐயா. கோடு அழிவதற்குள் ஆள் அனுப்புமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

நாள்: சனிக்கிழமை காலை
இடம்: வீட்டுப் படி

தங்கள் ஆட்களை எதிர்பார்த்திருக்கும்,
தையல்காரர் வீட்டம்மா
(கையொப்பம்)