நூற்றுக்குத் தொண்ணூற்றாறு

என் செல்ல மகளுக்கு, உன்னைத் தூக்கி வளர்த்த சித்தப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் குளிருக்குக் கழுத்தை மூடிக்கொண்டு நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். இங்கே நான் ராஜா மாதிரி இருக்கிறேன் என்றுதான் முதலில் ஆரம்பித்தேன், அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு இதை எழுதுகிறேன். போனில் பேசினால் என் வாய் என் பேச்சைக் கேட்காது, அதனால்தான் கடிதம்.

என் கல்லீரலில் வாடகை கொடுக்காமல் குடியிருக்கும் வைரஸைப் பற்றி உனக்குத் தெரியும். அதற்கு ஆஸ்பத்திரியில் புது மருந்து வந்திருக்கிறது, ஆனால் கொஞ்சம் பேருக்குத்தான் போதும், அதனால் யார் அதிகம் சிரமப்படுகிறார்களோ அவர்களுக்கு முதலில். சிரமத்தை அளக்க ஒரு கேள்வித்தாள் வைத்திருக்கிறார்கள், முப்பத்தாறு கேள்வி, நர்ஸம்மா வாசிக்க வாசிக்க நாம் பதில் சொன்னால் கடைசியில் நூற்றுக்கு இத்தனை என்று மார்க். குறைந்த மார்க்குக்குத்தான் மருந்து என்று எனக்கு யாரும் முன்னாலேயே சொல்லவில்லை பார். ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் முன்னால் பரீட்சை என்று ஒன்றை வைத்தால் விடுவேனா? எவ்வளவு தூரம் நடப்பீங்க என்றாள், நீங்க களைச்சுப் போற வரைக்கும் என்றேன். மாடி ஏறுவீங்களா என்றாள், நாற்பது வருஷ லிஃப்ட் மெக்கானிக்கைப் பார்த்து! பன்னிரண்டு மாடியையும் டூல் பெட்டியோடு ஓடியே ஏறுவேன், வேலை முடித்து இறங்கும்போதுதான் என் மூச்சு மேலே வந்து சேரும் என்றேன். பெஞ்சில் இருந்த நோயாளிகள் எல்லாம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். தொண்ணூற்றாறு வாங்கினேன், வாசல் காவலாளி வரைக்கும் சொல்லிவிட்டுத்தான் வந்தேன். மறுவாரம் மருந்துப் பட்டியல் ஒட்டியபோது நான்தான் கடைசி.

நர்ஸம்மா நல்லவள். ரத்த ரிப்போர்ட்டைக் காட்டி, ஐயா, இது ஒண்ணு சொல்லுது நீங்க ஒண்ணு சொல்றீங்க, வீட்ல கூட இருக்கிறவங்களைக் கூட்டிட்டு வாங்க என்றாள். வீடு கொள்ளாத ஜனம், யாரைக் கூட்டி வருவது என்றுதான் குழப்பம் என்று சொல்லிவிட்டு, எங்கள் கட்டடத்துக் கீழ்க்கடை டெய்லரைத் தம்பி என்று கூட்டிப் போனேன். உங்க அண்ணன் காலையில எத்தனை மணிக்கு எழுந்திருப்பார் என்று கேட்டாள். அந்தப் புண்ணியவான், அது தெரியாதுங்க, ஆனா இடுப்பு முப்பத்தாறு இருந்தது இப்ப முப்பத்திரண்டு, நாலு தடவை பேன்ட்டைப் பிடிச்சுக் கொடுத்திருக்கேன் என்று உளறிவிட்டான். அவள் சிரிக்கவில்லை, அதைக் குறித்துக்கொண்டாள். பிறகு, உண்மையான சொந்தம் யாருய்யா என்றாள். உன் நம்பரைக் கொடுத்தேன்.

இருபதாம் தேதி நர்ஸம்மாவிடமிருந்து உனக்குப் போன் வரும். நீ சொல்லப்போவதெல்லாம் நான் உன்னிடம் அளந்துவிட்டதுதானே, அதுதான் எனக்குப் பயம். ஆகவே இதைப் படித்து வைத்துக்கொள். எங்கள் மூன்றாவது மாடிக்கு ஏற இரண்டு இடத்தில் உட்காருகிறேன், யாராவது வந்தால் செருப்பு வாரைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொள்வேன். ஒரு வேளைதான் சமைக்கிறேன், அதிலும் பாதி மிஞ்சுகிறது. நீ கூப்பிடும்போது பின்னால் கேட்கும் பேச்சும் சிரிப்பும் என் சீட்டாட்டக் கூட்டாளிகள் இல்லை, டிவி. போன மாதம் வீட்டுக்குள் வந்த ஒரே ஆள் மின்சார மீட்டர் பார்க்க வந்தவர், அவரை ஒரு மணி நேரம் உட்கார வைத்துப் பேசினேன். இல்லை, பத்து நிமிஷம்.

கூட யார் இருக்காங்க என்று கட்டாயம் கேட்பாள். என் மானத்தைப் பார்க்காதே, யாரும் இல்லை என்று சொல்லிவிடு. டாக்டர் சொல்கிற கெடு அத்தனை நீளமாக இல்லையம்மா.

பேத்திக்கு என் முத்தம், மாப்பிள்ளைக்கு என் அன்பு, மூவரும் நூறாண்டு குறையில்லாமல் வாழ வேண்டும். நம்பர் புதிதாக இருக்கும், யாரோ என்று எடுக்காமல் விட்டுவிடாதே.

இப்படிக்கு,
உன் சித்தப்பா