மத்திகிரி ரோட்டில் டாக்டர் பிடித்த ஆள்

அன்பு மாப்ளே கதிரவா,

ஒருவரும் நம்பப்போகாத கதை ஒன்றைச் சொல்வதாக இந்த ஓசூர் மண்மேல் ஆணையிட்டுத் தொடங்குகிறேன். உனக்குத் தெரிந்ததுதான். ஆனால் நீ கண்ணை மூடிப் போன இந்த ஒரு வருஷத்தில் அதைக் கொஞ்சம் ஊட்டி வளர்த்திருக்கிறேன்.

என் அக்கா மகன் டாக்டர், இந்தியாவுக்காக ரக்பியும் ஆடுகிறவன் என்றால் நம் ஊரில் யாருக்குப் புரிந்தது? "முட்டை மாதிரிப் பந்துங்க. அதைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு இவன் ஓடணும், இவனைக் கட்டிப் பிடிச்சு மத்தவங்க தள்ளணும்" என்பேன்.

"அதுக்கு எதுக்குங்க எம்.பி.பி.எஸ்.?" என்பார்கள்.

அன்று உன் மத்திகிரி கிளினிக்கில் பி.பி. பார்க்க உட்கார்ந்திருந்தேன். கம்பெனி பிரஸ் மெஷினில் நசுங்கிய கையைத் துண்டால் சுற்றிக்கொண்டு வந்தான் இசக்கி. தெற்கேயிருந்து பிழைக்க வந்த கான்ட்ராக்ட் ஆள்.

"உடனே ஆபரேஷன் பண்ணலைன்னா கை போயிடும். கம்பெனிக்குச் சொல்லிடறேன்" என்று நீ போனை எடுத்தாய்.

"வேண்டாம் டாக்டரே! அடிபட்டது தெரிஞ்சா நாளைக்கு கேட்டுக்குள்ளயே விட மாட்டாங்க" என்றவன் எழுந்து ஓடியே விட்டான்.

நீ துரத்தினாய். ராயக்கோட்டைத் தக்காளி லாரியைத் தாண்டிக் குதித்தாய். டவுன் பஸ்ஸை முந்தினாய். மாட்டுப் பண்ணைக் காளைகள் மிரண்டு கர்நாடகாவுக்குள் போய்க் கன்னடத்தில் கத்தின. எஸ்.டி.டி. பூத் வாசலில் அவன் இடுப்பைக் கட்டிக்கொண்டு சாய்ந்தாய். பந்தைக் காப்பதுபோல் அவன் கையை உயரத் தூக்கிப் பிடித்து, உன் தோளை ரோட்டுக்குக் கொடுத்தாய்.

கூட்டம் கூடிவிட்டது. "டாக்டரே ஆளை அடிச்சா, நாங்க யாருகிட்டப் போய்க் காட்டறது?" என்றார் ஆட்டோக்காரர்.

"அப்புறம் திட்டுங்கண்ணா. பெரிய ஆஸ்பத்திரிக்கு வண்டியை எடுங்க" என்றாய், படுத்தபடியே.

உன் தோள் விலகிவிட்டது. அடுத்த வாரம் வெளிநாட்டுக்குக் கிளம்பிய இந்திய அணி நீ இல்லாமல் போயிற்று. பிறகு உன்னைக் கூப்பிடவேயில்லை. வருத்தமிருந்ததா மாப்ளே? கேட்டால் சிரித்துக்கொண்டே என் பி.பி.யைப் பார்ப்பாய்.

இசக்கி பயந்தபடியே வேலை போயிற்று. கை போகவில்லை. இப்போது பஸ் ஸ்டாண்டு பக்கம் பரோட்டா போடுகிறான். அவன் வீசுகிற வீச்சில் பாதி பரோட்டா மேகத்தில் ஒட்டிக்கொள்கிறது.

கிளினிக்கில் இனி உன் மனைவி அகிலாதான் டாக்டர். வாசல் காவல் நான். காயத்தை மறைத்துக்கொண்டு எவன் ஓடினாலும் என் கைத்தடியைக் குறுக்கே நீட்டுவேன். இது வாக்கு.

லாரி, பஸ், காளைகள் எல்லாம் என் சரக்கு. நீ ஓடியது பக்கத்துக் கடை வரைதான். ஆனால் விழும்போது அவன் கை மண்ணில் படவில்லை. அதை மட்டும் என் கண்ணால் பார்த்தேன்.

இப்படிக்கு,
உன்னை வைத்து ஊரெல்லாம் அளக்கும் தாய்மாமன்