ஏரிக்கு மேல் வந்த வெளிச்சம்

நடந்ததை நடந்தபடியே எழுதப் போகிறேன். கூட்ட மாட்டேன், குறைக்க மாட்டேன். கண்ணால் பார்த்தது வேறு, பார்த்ததாக நினைத்தது வேறு, அடுத்தவர் சொல்லிக் கேட்டது வேறு; மூன்றையும் கலக்கக் கூடாது என்பது நீ வைத்த விதி.

இன்று ஸ்ரீபெரும்புதூர் ஸ்டுடியோவிலிருந்து போட்டோக்கள் வந்தன. மாமாவின் கேமராவில் பிலிம் தீராமல் கிடந்து, சித்தி வீட்டுக் காதுகுத்தில்தான் தீர்ந்தது. மொட்டைத் தலைக் குழந்தைகளுக்கு நடுவில் நம் பறக்கும் தட்டும் இருந்தது. ஏரிக்கரை, பனைமரம், அதற்கு மேல் சாய்ந்து போகும் ஒரு வெள்ளித் தட்டு. யாராக இருந்தாலும் ஏமாந்துவிடுவார்கள். ஆனால் படத்தின் ஓரத்தில் ஒரு கை. மணிக்கட்டில் கோயில் கயிறு. எதையோ அப்போதுதான் வீசிவிட்டு விரிந்திருக்கும் விரல்கள். வீசியதும் கையை இழுத்துக்கொள் என்று கேமராவைப் பிடித்தபடி கத்தினேன். "இஸ்துகினேன்டீ" என்றாய். நீ இழுத்துக்கொள்ளவில்லை.

அந்தப் பைத்தியம் நமக்குப் பழைய பேப்பர் கடையில் பிடித்தது. அட்டை கிழிந்த ஆங்கிலப் பத்திரிகை, பக்கத்தில் அகராதி, எதிரும் புதிருமாக நாம். அமெரிக்காவில் ஒரு விமானி வானத்தில் எதையோ பார்த்தார். தண்ணீரில் எறிந்த தட்டு துள்ளித் துள்ளிப் போவதுபோல அவை போயின என்று, போன விதத்தைத்தான் சொன்னாராம். பத்திரிகைகள் பறக்கும் தட்டு என்று போட்டன. அதன்பிறகு பார்த்தவர்கள் கண்ணுக்கெல்லாம் தட்டே தெரிந்தது. "பேரு வெச்சவன் பாக்கல. பாத்தவன் பேரு வெக்கல. நடுவுல ஒரு தட்டு வந்து குந்திகினு கீது பாரு" என்று சிரித்தாய்.

அதற்கும் முந்தைய நூற்றாண்டில் ஆகாயக் கப்பல் ஒன்று கயிறு போட்டு ஒருவரின் கன்றுக்குட்டியைத் தூக்கிப் போனதாம். ஊர்ப் பெரியவர்கள் சத்தியம் செய்து கையெழுத்தும் போட்டார்கள். அவர்கள் பொய் சொல்வதில் போட்டி வைத்துக்கொள்ளும் கூட்டம் என்பது வெகுகாலம் கழித்துத்தான் வெளிவந்தது. "நம்மூருன்னா தாசில்தாரு கையெழுத்தே வாங்கினு வந்திருப்பானுங்க" என்றாய். பொய்ப் படம் எப்படி எடுப்பது என்று தெரிந்தால்தான் பொய்ப் படத்தைப் பிடிக்க முடியும் என்று நீ பிடிவாதம் பிடித்ததால்தான் ஏரிக்கரைக்குப் போனோம்.

உன் இன்னொரு விதி, ஒருவர் பார்த்தால் போதாது என்பது. ஒருவருக்குத் திசை மட்டும்தான் கிடைக்கும். இரண்டு பேர் தள்ளித் தள்ளி நின்று, கம்பெனிச் சங்கு ஊதும்போது ஒரே நேரத்தில் ஸ்கேலை அதை நோக்கி நீட்டித் திசையைக் கோடாகக் குறிக்க வேண்டும். இரண்டு கோடும் வரைபடத்தில் எங்கே வெட்டுகிறதோ அங்கேதான் பொருள் இருக்கும். நீ ஏரி நிரம்பினால் தண்ணீர் வழியும் கலங்கலில், நான் பள்ளிக்கூடத் தண்ணீர்த்தொட்டி மேல். ஓரகடம் பக்கம் மினுக்கிய மர்ம ஒளியை அப்படித்தான் கல்குவாரி லாரியாக்கினோம்.

பிறகு உனக்கு மஞ்சள்காமாலை வந்தது. காஞ்சிபுரம் ஆஸ்பத்திரிக்கு உன்னை ஏற்றிப் போன வேனின் பின்பக்கத்தைப் பார்த்தேன். அதற்குப் பிறகு உனக்கு நடந்ததெல்லாம், நீ போய்விட்டாய் என்பதும், எனக்கு அடுத்தவர் சொல்லிக் கேட்டதுதான்.

மழைக்காலம் முடியும் முன் அந்த வெளிச்சம் வந்தது. பொழுது சாய்ந்ததும் மேகத்துக்கு அடியில் வெள்ளையாக, வட்டமாக, ஏரியைக் கடந்து போய்த் திரும்பி வரும். டீக்கடையில், "கம்பெனி கட்ட எடம் பாக்க வந்துகீறான் போல, புரோக்கரக் கூப்புடு" என்று சிரித்தார்கள். உன் அம்மா சிரிக்கவில்லை. தினமும் வந்து கலங்கலில் உட்கார்ந்துகொண்டார். "எம்பொண்ணு இங்கதான நிப்பா. அதான் இங்கயே வருது" என்றார். மழையில் நனைந்துகொண்டே உட்கார்ந்திருந்தார். வீட்டில் அடுப்பு எரியவில்லை.

எனக்கு என்ன ஆனது என்றும் சொல்ல வேண்டும். நானும் தொட்டி மேல் ஏறி நின்று, நீயாக இரு, நீயாகவே இரு என்று கெஞ்சினேன். இந்த ஒரு தடவை நம் கணக்குத் தப்பட்டும் என்று வேண்டிக்கொண்டேன். ஆனால் கணக்குப் போடாமல் நம்பினால் நீ என்னை மதிக்க மாட்டாய். கணக்குப் போட இரண்டாவது ஆள் இல்லை.

உன் அம்மாவே கேட்டார். "நீங்க ரெண்டு பேரும் ஸ்கேலு புட்சிகினு நிப்பீங்களே. நான் புடிக்கிறேன். அவ எங்க கீறான்னு கண்டுபுடி."

சங்கு ஊதியது. உன் இடத்தில் உன் அம்மா, என் இடத்தில் நான். ஊரே தலைக்கு மேல் இருந்த வட்டத்தைத்தான் பார்த்தது. நாமிருவரும் எப்போதும் அடியைப் பார்ப்போம். வானத்தின் விளிம்பிலிருந்து மங்கலாக ஒரு வெள்ளைக் காம்பு எழும்பியது. ஸ்கேலை அதன் அடிக்கு நீட்டினேன். உன் அம்மாவையும் அப்படியே நீட்டச் சொல்லியிருந்தேன். இரண்டு கோடும் வாலாஜாபாத்தில் வெட்டின. அழித்து மறுபடி வரைந்தேன். வாலாஜாபாத்தான். அங்கே போய் வந்த என் அப்பா நேற்று சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்: "சர்க்கஸ் போட்டுகீறான். கூட்டம் சேக்க வானத்துல லைட்டு சுத்தி வுடறான். நாளையோட காலியாம்."

அந்த நாளைதான் இன்று. இன்றைக்குள் சொல்லாவிட்டால், நாளை வெளிச்சம் வராதபோது நீ இரண்டாம் முறையும் போய்விட்டாய் என்று உன் அம்மா அங்கேயே கிடப்பார். போட்டோவை எடுத்துக்கொண்டு கலங்கலுக்கு ஓடினேன். வெளிச்சம் அப்போதே வந்திருந்தது.

"அத்த, அது சர்க்கஸ் லைட்டு. வாலாஜாபாத்துல. இன்னியோட கடைசி."

உன் அம்மா என்னைப் பார்க்கவே இல்லை. "நீயும் அவளும் சேந்து எல்லாத்தையும் இல்ல இல்லன்னே சொன்னீங்க. இத ஒண்ண வுட்டா இன்னாடீ கொறஞ்சிடும் உனுக்கு?"

போட்டோவை நீட்டினேன். இருட்டியும் இருட்டாமலும் இருந்த வெளிச்சத்தில் அதைக் கண்ணுக்குக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தார்.

"இது எங்கூட்டு சோத்துப்பானை மூடியாச்சே. எங்கெங்கயோ தேடினேனே."

"அவதான் அத்த எடுத்தாந்தா. தண்ணியில வுழுந்துடுச்சி."

"கேட்டதுக்குப் பூனை உருட்டிக்கினு போச்சுன்னா, திருட்டுக் கய்த." சிரிக்க வாயைத் திறந்தார், வந்தது சிரிப்பு இல்லை. விரலால் படத்தின் ஓரத்துக் கையைத் தடவினார். கயிற்றைத் தடவினார். வெகுநேரம் அழுதார். நானும் அழுதேன்.

பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "ரெண்டு பேரு பாத்தாத்தானே கணக்குன்னுவா? நில்லு. சேந்து பாக்கலாம்."

போட்டோவை உன் அம்மாவிடமே விட்டுவிட்டேன். நெகட்டிவ் என்னிடம் இருக்கிறது. விளக்கில் பிடித்தால் அதில் வானம் இருண்டிருக்கிறது, உன் கை மட்டும் வெளிச்சமாக இருக்கிறது. இதற்கு எந்தக் கோடும் வரையப் போவதில்லை.

பார்த்தவர்கள் நானும் உன் அம்மாவும். இடம், நீ நிற்கும் கலங்கல். வட்டம் ஏரியைக் கடந்து போனது, திரும்பியது, பாதித் தண்ணீர் வரை வந்தது. அங்கே விளக்கை அணைத்துவிட்டார்கள்.