நேர்த்திக்கு வைத்த வாழை

அக்கா,

போன கிழமை உங்கள் மகள் லண்டனில் இருந்து வந்தாள். சண்டை ஓய்ந்து பாதை திறந்த பிறகுதான் அவளுக்கு வரத் துணிவு வந்திருக்கிறது. உங்கள் உடுப்புகளில் சிலவற்றை எனக்கென்று கொண்டு வந்தாள். சேலைகளுக்கு நடுவே ஒரு சோடி கம்பளிக் கையுறை. திருகோணமலை வெயிலுக்கு இது எதற்கு என்று சிரித்தபடி விரித்தேன். விரல் நுனியெல்லாம் கறுத்த கறை. "எத்தினை தரம் தோய்ச்சும் போகேல்லை மாமி, ஊத்தையெண்டு நினைக்காதேங்கோ" என்றாள். ஊத்தை இல்லை என்று எனக்குத் தெரியும். வாழையின் கயர்ச் சாறு பட்டால் துணி கிழியும் வரை போகாது. கையுறையை முகத்தில் வைத்துக்கொண்டு அழுதேன்.

ஒரு வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாய்க் குடியிருந்தோம். உங்கள் ஒரே மகன் ரவி, துறைமுகத்தில் கிளாக்கர் வேலைக்குச் சைக்கிளில் போன ஒரு காலையில் இராணுவச் சுற்றிவளைப்பு நடந்தது. பிடித்தவர்களை ஏற்றிக்கொண்டு போனார்கள். சைக்கிளை மட்டும் யாரோ உருட்டி வந்து உங்கள் வேலிப் படலையில் சாத்திவிட்டுப் போனார்கள். முகாம் முகாமாய் நானும் உங்களோடு அலைந்தேன். எங்கு போனாலும் அப்படி ஓர் ஆளில்லை என்றார்கள். கடைசியில் நீங்கள் தலை முழுகி, ஈரச் சேலையோடு பிள்ளையாருக்கு முன்னால் போய் நின்றீர்கள். "என்ர கையால நட்டு வளத்த வாழையில முதல் குலையைக் கொண்டுவந்து உனக்குக் கட்டுறன். என்ர பிள்ளையைத் தா."

தேங்காய் உடைக்கிறேன், பொங்குகிறேன் என்று வைத்திருந்தால் கடையில் வாங்கியாவது முடித்திருக்கலாம். நீங்கள் உங்கள் கையையே அதில் கட்டிவிட்டீர்கள். அன்றைக்கு எனக்கு அது பெரிதாய்த் தெரியவில்லை. வாழைக்குட்டியை நட்டுவிட்டுத் தண்ணீர் ஊற்றினால் குலை தருகிற மண்தானே இது.

நட்டீர்கள். ஆளுயரம் வந்தது. பிறகு சந்தியில் காவலரண் போட்டார்கள். பார்வையை மறைக்கிறது என்று உங்கள் வளவு வாழையையும் என் வளவு வாழைகளையும் அடியோடு வெட்டிச் சாய்த்தார்கள். நாங்கள் இருவரும் வேலியைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டு நின்றோம். வாய் திறந்து ஒன்றும் கேட்க ஏலாத காலம்.

அதற்குப் பிறகு உங்கள் நெஞ்சு வருத்தம் கூடியது. மகள் பிடிவாதமாய் லண்டனுக்குக் கூப்பிட்டுக்கொண்டாள். மாதத்துக்கு ஒரு தரம் சந்தை பக்கத்துத் தொலைபேசிக் கடைக்கு எடுப்பீர்கள். நான் போய்க் காத்திருப்பேன். ஒருநாள் எடுத்தவுடனேயே சொன்னீர்கள்: "பின்வளவில வாழை வச்சிருக்கிறன். பூக்கண்டு விக்கிற கடையில வாங்கினது. இஞ்ச வெட்ட ஆளில்லையடி, குளிர் மட்டுந்தான்."

குளிர் என்றால் என்னவென்று எனக்கு என்ன தெரியும்? எங்களுக்கு மார்கழிப் பனி, அவ்வளவுதான். முதல் பனிக்காலத்தில் அழுதுகொண்டு எடுத்தீர்கள். "ஒரே இரவில இலையெல்லாம் கறுத்து, சுடுதண்ணி ஊத்தின கீரை மாதிரித் தொங்குது." எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். "அடியில நல்லாத் தண்ணி விடுங்கோ அக்கா."

கடைக்காரத் தம்பி காதைத் தீட்டிக்கொண்டு இருந்தவன். "லண்டனில இருந்து கோல் எடுத்து வாழைக்குத் தண்ணி விடுறதோ கதைக்கிறியள்? விளங்கினாப் போலதான்!"

நல்ல காலம், பக்கத்து வீட்டு வெள்ளைக்காரக் கிழவர் உங்களைத் தடுத்துவிட்டார். குளிரில் ஈரம் நின்றால்தான் கிழங்கு அழுகுமாம். கறுத்த இலைகளை வெட்டி, தண்டைச் சுற்றிக் கம்பிவலை அடித்து, அதற்குள் காய்ந்த வைக்கோலை அடைத்து, மழை இறங்காமல் தலையை மூடிவிட வேண்டுமாம். அந்த ஊரில் வைக்கோலுக்கு எங்கே போவது? "முயலுக்குப் படுக்கையெண்டு பையில விக்கிறாங்களடி. நான் கடையில இருந்ததெல்லாத்தையும் தூக்க, உங்கட வீட்டில எத்தினை முயலெண்டு கடைக்காரி கேக்கிறாள்!" ரவி போன பிறகு நீங்கள் சிரித்ததை அன்றைக்குத்தான் கேட்டேன்.

பனி போய் வைக்கோலைப் பிரித்தபோது தண்டின் நடுவில் பச்சைக் குருத்து நின்றதாம். அதற்குப் பிறகு வருடா வருடம் மூடுவதும் பிரிப்பதும்தான் உங்கள் வேலை. ஊரில் ஷெல் விழுந்த செய்தியைச் சொல்லவும் நீங்கள் என்னை விடமாட்டீர்கள். வாழையைச் சொல்லி முடித்துவிட்டு, மெதுவாய்க் கேட்பீர்கள்: "அவனைப் பற்றி ஏதும்?" "இன்னும் இல்லையக்கா."

கடைசியில் பூத்தது. பூத்த நேரம்தான் பிழைத்தது. இலையுதிர் காலம் பிறந்துவிட்டது. பொத்தி திறந்து சின்ன விரல் போலக் காய்கள் வரவும் பனி இறங்கியது. கதிரையில் ஏறி நின்று கம்பளிப் போர்வையால் குலையை மூடினீர்கள். மகள் ஏசியிருக்கிறாள். "அம்மா, உங்களுக்கு இதுதான் இப்ப பிள்ளையோ?" ஒரு கிழமைக்குள் காய்கள் கறுத்துவிட்டன. கறுக்காவிட்டாலும் அந்தச் சாதி வாழைக்காய் கயரும் விதையும்தான், தின்ன ஏலாது, அழகுக்கு வைக்கிறது என்று கிழவர் சொன்னாராம்.

"கறுத்தாலும் குலைதானேடி? நான் முதலே குடுத்திட்டால் அவர் பிள்ளையை அனுப்பமாட்டாரோ? ஐயரைக் கேட்டுச் சொல்லு."

கேட்டேன். "பழுதான காயைப் படைக்கிறதில்லை அம்மா. அவ மனசால படைச்சாலே போதும்" என்றார் ஐயர். இரண்டாவதை மட்டும் உங்களிடம் சொன்னேன்.

"மனசால எத்தினை வருசமாக் குடுக்கிறன். கையாலதானே அவருக்குச் சொன்னனான்."

அதுதான் நான் கடைசியாய்க் கேட்ட உங்கள் குரல். அந்தப் பனி முடியமுன் உங்கள் நெஞ்சு நின்றுவிட்டது. எனக்கு அந்தக் கடையில் நின்று அழுவதைத் தவிர ஒரு வழியும் இருக்கவில்லை.

வீட்டுக்கு வாங்கும் கொத்தமல்லிக்குக்கூடக் கணக்கு எழுதி வைக்கிறவள் நான். உங்களுடைய இந்தக் கணக்கை எந்தப் பக்கத்தில் எழுதுவதென்று தெரியவில்லை. உங்கள் மகள் என் வளவில் மறுபடி வளர்ந்த வாழையில் முற்றி நிற்கும் குலையைக் காட்டி, "மாமி, அம்மாவுக்காக நீங்கள் கட்டிவிடுங்கோவன், முடிஞ்சு போகட்டும்" என்றாள். ஐயரும் கட்டலாம் என்கிறார். எனக்குக் கை வரவில்லை. ரவி வந்தால் கட்டுகிற குலை அது. இப்போது கட்டினால், அவன் வரமாட்டான் என்று பிள்ளையாரிடம் நானே சொல்வதாய் ஆகிவிடாதா? கட்டாமல் விட்டால் உங்களைக் கடன்காரியாய் அங்கே நிறுத்தி வைக்கிறேனா?

வெள்ளிக்கிழமைகளில் கோவிலுக்குப் போகிறேன். அவன் பெயரைச் சொல்கிறேன், பிறகு உங்கள் பெயரைச் சொல்கிறேன். அதற்கு மேல் என்ன கேட்பதென்று தெரியாமல், திரை போடும் வரை அப்படியே நின்றுவிட்டு வருகிறேன்.