பாலில் கொடுத்த கேப்சூல்

6-8-74, செவ்வாய்
மூட்டம். மழை இல்லை. என் மனைவி ஸ்டெல்லாவின் காலைத் தகரம் கிழித்து நாலு நாள். இன்று சீழ், காய்ச்சல். சேரப்பணஞ்சேரி கம்பவுண்டர் துரைசாமி டெட்ராசைக்ளின் கேப்சூல் கொடுத்தார். "தண்ணியில போட்டுக்கச் சொல்லுங்க சார். வேற எதுவும் வாணாம்."

மாமியார்: "இந்த மாத்திர ரொம்ப சூடு. வயித்தப் புண்ணாக்கிடும். பால்ல குடுங்க மாப்ளே."

பாலிலேயே கொடுத்தேன். கம்பவுண்டருக்கு என்ன தெரியும்? நான் பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி.

8-8, வியாழன்
ஒன்பதாம் வகுப்பு. கடின நீர். பள்ளிக் கிணற்றுத் தண்ணீரில் சோப்பு நுரைக்காமல் திரிதிரியாகத் திரண்டது. "கால்சியம் பிடித்தால் விடாது" என்று போர்டில் எழுதினேன். நல்ல வகுப்பு.

வீட்டில் வீக்கம் கணுக்கால் வரை. வேளைக்கு இன்னொரு டம்ளர் பால். வாங்க: பஞ்சு, சாக்பீஸ், ரேடியோ பாட்டரி.

11-8, ஞாயிறு
பூசைக்குப் போகவில்லை. விரல்கள் கறுத்துவிட்டன. வாடகைக் காரில் பெரிய ஆஸ்பத்திரி. வழியெல்லாம் ஜெபமாலை.

12-8, திங்கள்
இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள்.

டாக்டர்: "கேப்சூல் எதுல குடுத்தீங்க?"

சொன்னேன்.

"பால்ல இருக்கிற கால்சியம் மருந்தப் பிடிச்சுக்கும். ரத்தத்துல சரியா ஏறாது. நீங்க என்ன வேலை பாக்கறீங்க?"

"குமாஸ்தா" என்றேன்.

14-8, புதன்
ஸ்டெல்லாவுக்கு மாற்றுத் துணி எடுத்துவர ஊருக்கு. கம்பவுண்டர் வீட்டு வாசலில் கூட்டம். மச்சான் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "டுபாக்கூர் மருந்து குட்து என் தங்கச்சி கால் வெரல எட்த்துட்டியேடா, கஸ்மாலம்!"

துரைசாமி என்னைப் பார்த்துவிட்டார். "சார், நீங்களே சொல்லுங்க. தண்ணியில போடச் சொன்னனா இல்லியா?"

"ஞாபகம் இல்லை."

மச்சான் அவரை அறைந்தான். தூ, நானும் ஒரு வாத்தியார்.

17-8, சனி
வெயில். டாக்டர் ரவுண்ட்ஸ். காய்ச்சல் இல்லை. ஸ்டெல்லாவுக்கு இன்று பேச்சு அதிகம்.

"பால்ல குடுத்ததாலதான் இப்டி ஆச்சுன்னு நர்ஸம்மா சொல்லிக்கினு கீறாங்க டாக்டர். எனக்குச் சிரிப்புதான் வந்துது. எங்க வூட்டுக்காரரு கெமிஸ்ட்ரி வாத்தியாரு. பத்து வருசமா பசங்களுக்குச் சொல்லித் தராரு. அவருக்குத் தெரியாமலா குடுப்பாரு?"

டாக்டர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.