நாவலோடையில் முட்டை இல்லை

15 ஒக்டோபர் 2024, செவ்வாய்

இந்த மாரிக்கு நாங்கள் மீன் பார்க்கவேண்டிய ஓடைகளின் பெயர்களை எங்கள் மேலதிகாரி கமலாதேவி மிஸ் அலுவலகத்தில் வாசித்தார். துறைமுகப் பக்கத்து ஜன்னல் திறந்திருந்தது. கப்பலொன்று விடாமல் ஊதியதால் இரண்டு தரம் வாசிக்க வேண்டியதாயிற்று. இரண்டு தரமும் கேட்டேன். நாவலோடை.

ஸப்வான் என்னைப் பார்க்காமல் தன் சப்பாத்தைப் பார்த்தான். மூன்று மாரியாக என்னோடு தண்ணீரில் இறங்குகிறவன், அவனுக்குத் தெரியும். மிஸ்ஸுக்குத் தெரியாது. போன வருடம் அவர் மட்டக்களப்பில் வேலை.

"கஜந்தினி, தம்பலகாமம் உங்கட ஊர்தானே? உங்களுக்கு லேசா இருக்கும்."

"ஓம் மிஸ்."

லேசாக இருக்கும்!

16 ஒக்டோபர்

ஒரு முறையாவது ஒழுங்காக எழுதி வைக்கிறேன்.

போன டிசம்பரில் என் தம்பி டிலக்சன் நாவலோடையில் செத்தான். வயலால் திரும்பி வரும்போது எல்லோரும் நடந்து கடக்கும் இடம் அது. மாரியிலும் தண்ணீர் இடுப்புக்கு மேலே வராது. மண் முதலாளி கதிரவேலுக்கு மண் அள்ள அனுமதி இருந்தது ஓடை வளைவுக்குக் கீழே. அந்த மனுசன் மேலே ஏறிவந்து, ஆட்கள் கடக்கும் இடத்திலேயே பெக்கோ இயந்திரம் விட்டுத் தோண்டியிருக்கிறார். கலங்கல் தண்ணீரில் குழி தெரியுமா? அடுத்தநாள் நான் போய்ப் பார்க்கும்போது குழியும் இல்லை. மூடி மட்டமாக்கி, ஈரத்தில் பெக்கோவின் பல் அடையாளம் மட்டும். காட்டினேன். கத்தினேன். தம்பியைப் பறிகொடுத்தவள் அப்படித்தான் கத்துவாள் என்று எல்லோரும் பேசாமல் நின்றார்கள்.

செத்தவீட்டுக்குக் கதிரவேல் வெள்ளைச் சேர்ட்டோடு வந்தார். அம்மாவுக்குக் கேட்கத்தக்கதாகச் சொன்னார்: "பெடியன் கொஞ்சம் போட்டிருந்தவன் போல. என்ர ஆக்கள் கண்டவங்கள்."

டிலக்சன் குடிக்கிறவனில்லை. ஒருநாளும் இல்லை. ஆனால் அந்தக் கதை எங்களுக்கு முன்னால் ஊரெல்லாம் போய்விட்டது. இப்போது அவன் வெறியில் விழுந்து செத்த பெடியன். அம்மா அதற்குப் பிறகு கோயிலுக்குப் போகவில்லை, கடைக்குப் போகவில்லை. வாசல் படலையடியில் இரண்டு பேர் நின்று கதைத்தால் உள்ளே வந்துவிடுகிறா.

கதிரவேல் நாசமாய்ப் போகவேணும். இல்லை, அதுக்கு முதல் அம்மாவுக்கு முன்னால் நின்று, தான் சொன்னது பொய் எண்டு சொல்லவேணும். பிறகு நாசமாய்ப் போகட்டும்.

24 ஒக்டோபர்

நல்ல மழை. முதல் வெள்ளம் இறங்கினால் குளத்து மீன்கள் ஓடைகளுக்குள் எதிர்நீச்சலில் ஏறிவரும், முட்டை போட. எங்கே ஏறுகின்றன, எங்கே போடுகின்றன என்று பார்ப்பதுதான் எங்கள் வேலை. குறுக்கே வலை கட்டுவோம். வந்ததைப் பிடித்து, வயிற்றை மெல்லத் தடவிச் சினையா என்று பார்த்து, திரும்ப விடுவோம். பிறகு குனிந்தபடியே நடந்து கல்லைப் புரட்டுவோம்.

நாவலோடையில் இன்று புரட்டுவதற்குக் கல்லே இல்லை. குழியும் சேறும். வலையில் ஒரு கெண்டைகூட இல்லை. டிலக்சனைத் தூக்கிய இடத்தில் நான் இறங்கவில்லை. ஸப்வான் கேட்காமலே தானே இறங்கினான்.

நாங்கள் வலையைச் சுருட்டும்போது கதிரவேல் மோட்டார் சைக்கிளில் வந்தார். கையில் இரண்டு செவ்விளநீர்.

"தங்கச்சி, டிலக்சன்ட அக்கா தானே? குடியுங்கோ, களைச்சுப் போனீங்கள்."

"வேண்டாம்."

"பழசை மனசில வைச்சு எழுதிப் போடாதையுங்கோ. உள்ளதை உள்ளபடி எழுதினால் காணும்."

உள்ளதை உள்ளபடி. இந்த வாயால்.

29 ஒக்டோபர்

மிஸ் இன்று விசயத்தைச் சொன்னார். நாவலோடையின் மேல்பக்கத்தையும் கதிரவேல் கேட்டிருக்கிறாராம், ஐந்து வருடத்துக்கு. மீன் முட்டை போடும் இடம் என்று நாங்கள் எழுதினால் மண் அள்ள விடமாட்டார்கள். இல்லையென்றால் அவருக்குத்தான்.

முட்டை இல்லை. ஏன் இல்லை? அவர்தான் கல்லையும் மண்ணையும் வழித்தெடுத்துவிட்டாரே! கெடுத்தவனுக்கே, கெட்டுப்போனதைக் காரணம் காட்டி மிச்சத்தையும் கொடுக்கப் போகிறார்கள். அதற்கு என் கையால் எழுதிக் கொடுக்க வேணும்.

31 ஒக்டோபர்

தீபாவளி. அம்மா விளக்கு வைக்கவில்லை. நானும் கேட்கவில்லை.

5 நவம்பர்

காட்டுப்பக்கத்து ஓடை. யானை நின்றதால் காலையில் வெகுநேரம் வாகனத்துக்குள்ளேயே இருந்தோம். பிறகு இறங்கினால் ஓடை முழுக்க மீன்! கெண்டைகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி, முதுகு தண்ணீருக்கு வெளியே தெரிய, கல்லுக் கல்லாய்த் தாண்டுகின்றன. ஸப்வான் சிரித்துக்கொண்டே நின்றான். "அக்கா, பார்க்கத்தான் பாவமா இருக்கு, இதுகள் படுற பாடு."

பருக்கைக் கல்லில் முட்டைகள் ஒட்டியிருந்தன. கண்ணாடி மணி மாதிரி, நடுவில் ஒரு புள்ளி. கல்லை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். வேறு வருடமென்றால் சந்தோசப்பட்டிருப்பேன். இன்று எனக்கு வந்த நினைப்பு வேறு. ஒரு வாளி போதும்.

8 நவம்பர், வெள்ளி

செய்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை பகல் ஸப்வான் ஜும்ஆத் தொழுகைக்குப் பள்ளிக்குப் போவான். அலுவலகப் போனை என்னிடம் தந்துவிட்டுத்தான் போவான். அவனுடைய பெயரில் பதிவான போன் அது, படமெல்லாம் அதில்தான் எடுக்கவேண்டும். அவன் போனதும் காட்டோடைக்குப் போய், முட்டை ஒட்டிய கற்களை வாளித் தண்ணீரில் எடுத்துவந்து, கதிரவேல் கேட்கிற இடத்தில் கொட்டினேன். படம் எடுத்தேன்.

டிலக்சன் விழுந்த இடத்தையும் கடந்து போனேன். இந்த முறை இறங்கினேன்.

12 நவம்பர்

அறிக்கையில் ஸப்வானும் கையெழுத்து வைத்தான். படத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "நீங்க கண்டதுதானே அக்கா? அப்ப சரி."

28 நவம்பர்

கதிரவேலின் விண்ணப்பத்தை நிறுத்திவிட்டார்கள். பழைய இடத்திலும், முடிவு வரும்வரை பெக்கோ இறங்கக்கூடாதாம். சந்தியில் அந்த மனுசனைக் கண்டேன். போனில் யாரிடமோ கெஞ்சிக்கொண்டு நின்றார். சேர்ட்டு முதுகில் ஒட்டியிருந்தது. சைக்கிளை வேண்டுமென்றே மெதுவாக ஓட்டி, என் முகம் தெரியத்தக்கதாகக் கடந்து போனேன்.

நல்லாயிருந்தது. ஓம், நல்லாயிருந்தது. இதை ஏன் மறைக்க வேணும்? பதினொரு மாதத்துக்குப் பிறகு இன்றுதான் சோறு இறங்கியது.

4 டிசம்பர்

கதிரவேல் விடவில்லை. படத்தை எப்படியோ பார்த்திருக்கிறார். "இந்தக் கல் இந்த ஓடையிலயே கிடையாது. ஆரோ கொண்டுவந்து போட்டிருக்கினம்" என்று மனு கொடுத்திருக்கிறார். ஓடையை அவரைவிட யார் தோண்டிப் பார்த்திருக்கிறார்கள்! வேறு அதிகாரிகள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். மிஸ்ஸின் முகம் சரியில்லை.

9 டிசம்பர்

ஸப்வானை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.

போன் அவன் பெயரில். படம் அவன் பெயரில். இன்னொரு மண் முதலாளியிடம் கைநீட்டி வாங்கிக்கொண்டு ஸப்வான்தான் இதைச் செய்தான் என்று கதிரவேல் ஊரெல்லாம் சொல்லித் திரிகிறார். "என்ர ஆக்கள் கண்டவங்கள்" என்றாராம்.

அதே வசனம்.

என் பெயர் எங்கேயும் வரவில்லை. வாயைத் திறக்காமல் இருந்தால் வரவும் மாட்டாது.

11 டிசம்பர்

கிண்ணியாவுக்குப் போனேன். ஸப்வான் வீட்டுக்கு முன்னால் வலை காயப்போட்டுக்கொண்டு நின்றான். அவனுடைய மனைவி சனூஸா தேத்தண்ணி கொண்டுவந்து தந்தாள். எட்டாம் மாதம் அவளுக்கு. என் முகத்தைப் பார்க்காமல் வைத்துவிட்டுப் போனாள்.

"விசாரணையில என்ன சொன்னனீ?" என்று கேட்டேன்.

"நான் எடுக்கல்ல எண்டு சொன்னன்."

"வெள்ளிக்கிழமை பகல் பள்ளியில நிண்டதைச் சொன்னியா?"

அவன் வலையை உதறினான். "அதைச் சொன்னா, அப்ப போன் ஆர்ட கையில எண்டு கேட்பாங்கதானே, அக்கா."

அவனுக்குத் தெரியும். முதலே தெரியும்.

"உங்கட தம்பிட விசயம் எனக்குத் தெரியாததா? நான் உங்களக் குத்தம் சொல்லல்ல." வலையில் ஒரு சிக்கலை எடுத்தான். "உம்மாதான் இப்ப வெளிய போறல்ல. கல்யாண வீடொண்டுக்குச் சொல்லியிருந்தாங்க. தலைவலி எண்டு படுத்திட்டா."

தேத்தண்ணியைக் குடிக்காமல் எழும்பி வந்துவிட்டேன். அவனுடைய உம்மா உள்ளே ஜன்னல் சீலைக்குப் பின்னால் நின்றது எனக்குத் தெரிந்தது. எங்கள் அம்மா நிற்பதுபோலவே நின்றா.

13 டிசம்பர்

சொல்லமாட்டேன். சொன்னால் கதிரவேல்தான் வெல்லுவான். பிறகு நான் குழியைப் பற்றிச் சொன்னதும் பொய்யென்று ஆகிவிடும். டிலக்சனுக்காகக் கதைக்க என்னைவிட ஆர் இருக்கினம்? நான் பொய்க்காரி எண்டால் அவன் குடிகாரன் தானே?

விடமாட்டன். ஒரு வருசமா இதுக்குத்தானே உயிரோட இருந்தனான்.

14 டிசம்பர்

ஸப்வானின் உம்மா.

17 டிசம்பர், செவ்வாய்

இன்று விசாரணைக் கூட்டம். அதிகாரிகள், மிஸ், ஸப்வான். எதிர்ப்பக்கம் கதிரவேல், அவரோடு பெக்கோ ஓட்டுகிற லதீசன். நான் சாட்சி என்று போயிருந்தேன்.

ஸப்வானை எழுப்பி, யாரிடம் வாங்கினாய் என்று கேட்டார்கள். கதிரவேல் கால்மேல் கால் போட்டுக்கொண்டு சிரித்தார். நான் எழும்பினேன்.

"ஸப்வான் இல்லை. கல்லைக் கொண்டுபோய்ப் போட்டது நான். படம் எடுத்ததும் நான். அவர் அந்த நேரம் பள்ளியில நிண்டவர். அவருக்கு ஒண்டும் தெரியாது."

மிஸ் "கஜந்தினி!" என்றார். நிறுத்தினால் திரும்பத் தொடங்க ஏலாது என்று தெரியும். நிறுத்தவில்லை.

"நாவலோடையில முட்டை இல்லை. அது உண்மை. இந்த மனுசன் அனுமதியில்லாத இடமெல்லாம் தோண்டினதாலதான் இல்லை. அப்படித் தோண்டின குழியிலதான் என்ர தம்பி செத்தவன். விடிய முதல் குழியை மூடிப்போட்டு, பெடியன் வெறி எண்டு சொன்னவர். நான் சொன்ன பொய்யை நான் ஒத்துக்கொண்டிட்டன். அவரும் எழும்பி ஒத்துக்கொள்ளட்டும்."

கதிரவேல் அதிகாரிகளைப் பார்த்து, "பாத்தீங்களோ, மூளை குழம்பின விசர்" என்றார். அவ்வளவுதான். லதீசன் மட்டும் தலையைக் குனிந்தபடி இருந்தான். கூட்டம் முடிந்து போகும்வரை நிமிரவில்லை.

வெளியே ஸப்வான் ஏதோ சொல்ல வந்தான். கேட்க ஏலாமல் பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

18 டிசம்பர்

வேலை போய்விட்டது. ஸப்வானைத் திரும்ப எடுத்துவிட்டார்கள். மிஸ் சொன்னார்: "நீங்கள் அந்தக் குழிகளைப் படமெடுத்து எழுதியிருந்தாலே காணும் கஜந்தினி. அதைத்தான் நாங்கள் பாவிச்சிருக்கலாம்."

எரிந்தது. அவர் சொன்னது சரி. அதனால்தான் எரிந்தது.

24 டிசம்பர்

டிலக்சனின் ஆண்டுத்திவசம். சொந்தத்தில் கொஞ்சப்பேர்தான் வந்தார்கள். படையலுக்கு முன்னால் என்னால் அழ முடியவில்லை. கதிரவேலைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். தம்பியின் முகத்தைவிட அந்த மனுசனின் முகம்தான் எனக்கு இப்போது வடிவாக ஞாபகம் வருகிறது. இது எந்த ஊர் நியாயம்?

9 ஜனவரி 2025

மத்தியானம் லதீசன் வந்தான். படலையைப் பிடித்துக்கொண்டே நின்றான். நான் எழும்ப முன் அம்மா போய்த் திறந்துவிட்டா.

"அம்மா, உங்கட மகன் குடிச்சிருக்கேல்ல," என்றான். "நாங்கள் ஒருத்தரும் காணவுமில்லை. அப்பிடிச் சொல்லச் சொன்னவர், சொன்னம். குழியை மூடினது நான்தான். என்னைக்கொண்டுதான் மூடுவிச்சவர்."

நான் அவனை அடிக்கப் போனேன். உண்மையாகவே கை ஓங்கிவிட்டேன். அம்மா குறுக்கே வந்தா.

"இன்னொருக்காச் சொல்லு, தம்பி," என்றா.

அவன் திரும்பச் சொன்னான்.

"இன்னொருக்கா."

மூன்றாம் முறை அவன் அழுதுகொண்டு சொன்னான். அம்மா நிலத்தில் குந்திவிட்டா. நானும் பக்கத்தில் இருந்தேன். இந்த ஒரு வருடத்தில் இன்றுதான் இருவரும் சேர்ந்து அழுதோம்.

போகும்போது, இதைப் பொலிசில் சொல்வியா என்று கேட்டேன். "எனக்கும் பிள்ளையள் இருக்கு அக்கா," என்று சொல்லிவிட்டுப் போனான்.

11 ஜனவரி

அம்மா கடைக்குப் போய்வந்தா. சீனி வாங்கவில்லை, தேயிலை வாங்கவில்லை. கடையில் நின்ற எல்லோரிடமும் "என்ர பிள்ளை குடிக்கேல்ல" என்று சொல்லிவிட்டு வெறுங்கையோடு வந்தா.

20 ஜனவரி

லதீசன் பொலிசில் வாக்குமூலம் கொடுத்துவிட்டான். மனைவியையும் கூட்டிக்கொண்டு போய்க் கொடுத்தானாம். என்னையும் கூப்பிட்டு எழுதினார்கள். குழி இருந்த இடம், மூடிய அடையாளம், எல்லாம் சொன்னேன். எழுதியவர் இம்முறை நிமிர்ந்து பார்த்துக் கேட்டார். இல்லாததைக் கூட்டிச் சொல்ல எத்தனையோ தரம் வாய் உன்னியது. கூட்டவில்லை.

2 பெப்ரவரி

துறைமுகத்தடி ஐஸ் தொழிற்சாலையில் வேலை கிடைத்திருக்கிறது. கை விறைக்கிறது. ஸப்வானுக்குப் பெண் பிள்ளை. சனூஸா போனில் அவளாகவே கதைத்தாள்.

11 மார்ச், செவ்வாய்

காலையில் கதிரவேல் வந்தார். தனியாக, நடந்து. வெள்ளைச் சேர்ட்டு இல்லை. வியாழக்கிழமை வழக்கு.

"தங்கச்சி, அம்மாவைக் கொஞ்சம் கூப்பிடுங்கோ. நான் சொன்னது பிழை எண்டு அவவின்ர காலில விழுந்து சொல்லுறன். நீங்களும் அதைத்தானே கேட்டனீங்கள்? பிறகு இதை இதோட விடுவம்."

அம்மா குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தா. பக்கத்து வீட்டுக்காரி வந்திருந்தாள். இரண்டு பேரும் எதற்கோ சிரிக்கும் சத்தம் படலை வரைக்கும் கேட்டது.

"அம்மா வேலையா இருக்கிறா," என்றேன். "வியாழக்கிழமை நீதவானிட்டச் சொல்லுங்கோ."

படலையைச் சாத்தினேன். அம்மாவிடம் யார் வந்ததென்று சொல்லவில்லை. பகல் வேலைக்கு நேரமாகிவிட்டது. சாப்பிட்டுவிட்டு வெளிக்கிட்டேன்.